வெங்காயத்தில் பச்சை வரைந்தவள்

கல்லூரியின் முதல் பருவத்தில் எழுதிய உயிரியல் தேர்வுத் தாள் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. 40-க்கு 17. மதிப்பெண்ணுக்காக அதைப் பத்திரப்படுத்தவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை ஓர் எழுத்துகூடப் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: சிறு விதை ஒன்று பெருமரமாகிறது, அந்த மரத்தின் உலர் எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? என் பதில்: 'மண்ணிலிருந்து வேர்கள் உறிஞ்சும் சத்துகளிலிருந்து.' ஓரத்தில் சிவப்பு மையில் ஆசிரியர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: 'முந்தைய பக்கத்தைப் படித்துப் பார்.'

படித்துப் பார்த்தேன். உள்ளே போவது கரியமில வாயு, தண்ணீர், வெளிச்சம்; வெளியே வருவது சர்க்கரையும் ஆக்சிஜனும். மண் என்ற சொல்லே அதில் இல்லை. விடையை நானே என் கையால் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் அதைத் தேடியிருக்கிறேன். எனக்கு அந்தச் சமன்பாடு ஒப்பிக்க வேண்டிய ஒரு வரி, அவ்வளவுதான். அது ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தைப் பற்றியது என்று உறைக்கவே இல்லை.

இப்போது பன்னிரண்டு ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களுக்கு உயிரியல் ஆய்வக வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதல் நாள் இதே கேள்வியைத்தான் கேட்கிறேன். பெரும்பாலோர் 'மண்' என்றுதான் எழுதுகிறார்கள். பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களும் அதில் உண்டு. அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை.

இந்தக் கேள்விக்கு நல்ல பழைய வரலாறும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்ற வேதியியலாளர் தொட்டியில் உலர்ந்த மண் 200 பவுண்டு போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று ஒன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். முடிவில் மரம் 169 பவுண்டுக்குச் சற்று மேல் இருந்தது. மண் குறைந்ததோ ஏறக்குறைய 2 அவுன்ஸ். மரம் மண்ணைத் தின்று வளரவில்லை என்று அத்தோடு முடிந்தது. இந்தச் சோதனை அவர் இறந்த பிறகு 1648-இல் அச்சில் வந்தது. ஆனால் அவர் அதிலிருந்து எடுத்த முடிவு, மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்தே உருவானது என்பது. இதில் வேடிக்கை என்னவென்றால், 'காஸ்' என்ற சொல்லை உலகுக்குத் தந்தவரே அவர்தான். கரி எரியும்போது வெளிவரும் வாயுவுக்குத் தனிப் பெயரும் வைத்திருந்தார். நாம் கரியமில வாயு என்று சொல்வது அதைத்தான். விடை அவர் கையிலேயே இருந்தது, இன்னொரு பக்கத்தில். என் தாளை நினைத்து வெட்கப்படும்போதெல்லாம் இவரை நினைத்துத் தேறிக்கொள்வேன்.

அந்தச் சிவப்பு வரிக்குப் பிறகு ஒரு பழக்கம் ஏற்பட்டது. எந்தப் பாடத்தை எடுத்தாலும் 'இது எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது' என்று கேட்டுவிட்டுத்தான் பெயர்களுக்குள் நுழைவேன். செல் சுவாசம், அதாவது செல் சர்க்கரையை உடைத்துச் சக்தி எடுப்பது, என்றால் கிளைக்காலிசிஸ், கிரெப்ஸ் சுழற்சி, எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி என்று பட்டியல் போடுவதற்கு முன், ஒரு குளுக்கோஸில் உள்ள ஆறு கார்பன் அணுக்களும் கடைசியில் எங்கே போய்ச் சேருகின்றன என்று விரல் வைத்துத் தொடர்வேன். மூச்சில் வெளியேறுகின்றன என்று தெரிந்த அன்று கொஞ்ச நேரம் சும்மா மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடல் இளைத்தவரின் கொழுப்பு எங்கே போனது என்று வகுப்பில் கேட்டால், வியர்வை, வெப்பம், 'சக்தியாக மாறிவிட்டது' என்றெல்லாம் பதில் வரும். 10 கிலோ கொழுப்பு உடலில் முழுமையாக எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாகவும் 1.6 கிலோ நீராகவும் வெளியேறுகிறது என்று 2014-இல் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். மரம் காற்றிலிருந்து எடுத்துக் கட்டியதை நாம் காற்றுக்கே திருப்பிக் கொடுக்கிறோம். இந்த ஒரு கணக்கு புரிந்தால் ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் இரண்டு தனித்தனி அத்தியாயங்களாக இருப்பது நின்றுவிடும்.

படித்த முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த 17-க்கு நான் உழைக்காமல் இல்லை; நிறையவே உழைத்தேன். என் பாடப்புத்தகத்தில் மஞ்சள், பச்சை, ரோஸ் என்று வண்ணம் பூசாத வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பாடத்தை நான்கு முறை படிப்பேன். நான்காம் முறை கண் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கலைத்தான் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். ரோடிகர், கார்பிக்கே என்ற உளவியலாளர்கள் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னாளில் படித்தபோது என்னையே வைத்துச் செய்ததுபோல் இருந்தது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நான் எப்போதும் ஐந்து நிமிடத் தேர்வுக்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

மாற்றியது ஒன்றே ஒன்றுதான். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் அந்தப் பாடத்தைப் படமாக வரைவேன். முதல் முறை மைட்டோகாண்ட்ரியாவை, செல்லுக்குச் சக்தி தயாரித்துத் தரும் நுண்ணுறுப்பை, வரைந்தபோது வெளியே ஒரு கோடு, உள்ளே ஒரு நெளி கோடு, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. புரோட்டான்கள் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகின்றன? தெரியவில்லை. நான்கு முறை படித்தும் தெரியாதது அப்போதுதான் தெரிந்தது. தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டு, புத்தகத்தைத் திறந்து அதை மட்டும் பார்த்து, வேறு நிற மையில் திருத்துவேன். இரண்டு நாள் கழித்து இன்னொரு வெற்றுத் தாள். இது சுகமான வேலை இல்லை. வண்ணம் பூசுவதில் உள்ள நிம்மதி இதில் கிடையாது. ஒவ்வொரு முறையும் மக்கு என்று உணர வைக்கும். அதனால்தான் மாணவர்கள் மூன்றாம் நாளே கைவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஐந்தாம் தாள்வரை பொறுத்தவர்களுக்கு நான் வேறு அறிவுரை எதுவும் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

மனப்பாடமே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெயர் தெரியாமல் யோசிக்க முடியாது. ஆனால் பெயரைப் பிரித்துப் பார்த்தால் பாதி பாடம் அதற்குள்ளேயே இருக்கும். இந்த விஷயத்தில் தமிழில் ஒரு முறை படித்துவிடுவது நல்லது. விந்தும் முட்டையும் உருவாகும்போது நடக்கும் செல் பிரிவான மியாசிஸ் என்பதைத் தமிழில் குன்றல் பிரிவு என்கிறோம். மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கை குன்றுகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. சவ்வூடு பரவல் என்ற பெயரில் சவ்வு இருக்கிறது. சவ்வே இல்லாத ஒரு படத்தை வரைந்துவிட்டு அதைச் சவ்வூடு பரவல் என்று சொல்ல நாக்கு கூசும். நான் ஆங்கிலச் சொல்லை மட்டும் உருப்போட்டவரை, எண்ணிக்கை மாறாத சாதாரண செல் பிரிவான மைட்டாசிஸும் மியாசிஸும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி மாறி மாறி ஏமாற்றின.

அந்த இரட்டையரைப் பிரித்துக் காட்டியவர் விடுதியில் எனக்கு மூத்த மாணவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. நான் செல் பிரிவின் படிநிலைகளின் பெயர்களை எல்லாம் வரிசையாக ஒப்பித்தேன். அக்கா கேட்டுவிட்டு, பின்னல் கூடையிலிருந்து சிவப்பு நூலும் நீல நூலும் எடுத்து வெட்டித் தரையில் போட்டார். நீளமாக ஒரு சிவப்பு, ஒரு நீலம். குட்டையாக ஒரு சிவப்பு, ஒரு நீலம்.

"சிவப்பு அம்மா கொடுத்தது, நீலம் அப்பா கொடுத்தது. எத்தனை குரோமோசோம்?"

"நாலு."

ஒவ்வொரு நூலுக்கும் அதே நிறத்தில், அதே நீளத்தில் இன்னொரு நூலை வைத்து நடுவில் ஒரு பொத்தானால் இணைத்தார். "இப்போது டி.என்.ஏ. இரட்டித்துவிட்டது. எத்தனை குரோமோசோம்?"

"எட்டு," என்றேன், தயங்காமல்.

"பொத்தானை எண்ணு."

நான்கு பொத்தான். அந்தப் பொத்தான்தான் சென்ட்ரோமியர். பொத்தான் எத்தனையோ குரோமோசோம் அத்தனை. நூல் எத்தனையோ குரோமாட்டிட் அத்தனை. மனித உடல் செல்லில் டி.என்.ஏ. இரட்டித்த பிறகும் குரோமோசோம் 46-தான், குரோமாட்டிட் மட்டும் 92. இரண்டு மாதமாக நான் இதைத் தவறாகவே எண்ணி வந்திருக்கிறேன், ஒருமுறைகூட அகப்படாமல்.

"சரி, இப்போது குன்றல் பிரிவின் முதல் கட்டத்தைச் செய்து காட்டு. எது எதை விட்டுப் பிரிகிறது?" நான் சட்டென்று பொத்தானைக் கழற்றப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் கட்டத்தில் பொத்தான் கழல்வதில்லை. நீளச் சிவப்பும் நீள நீலமும் எதிரெதிரே வந்து நின்று, பொத்தானோடு ஆளுக்கொரு பக்கம் போகின்றன. எண்ணிக்கை குன்றுவது அங்கேதான். பொத்தான் கழல்வது இரண்டாம் கட்டத்தில். அது பார்ப்பதற்கு மைட்டாசிஸ் மாதிரியேதான் இருக்கும். பிறகு நீளச் சிவப்போடு குட்டைச் சிவப்பு போகுமா, குட்டை நீலம் போகுமா என்று கேட்டார். இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு என்று நூலை நகர்த்திப் பார்த்தபோதே, மெண்டல் பாடத்தில் வரும் சார்பின்றி ஒதுங்குதல் விதியும் (ஒரு பண்பு போகும் பக்கம் இன்னொன்றைக் கட்டுப்படுத்தாது என்பது) அந்தத் தரையில் வந்து உட்கார்ந்துகொண்டது. மெண்டல் குரோமோசோம்களைப் பார்த்தவர் இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான்.

என் வகுப்பில் இன்றும் நூலும் பொத்தானும்தான். திரையில் ஓடும் அசைவூட்டப் படங்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் படம் தவறு செய்வதில்லை, பார்ப்பவரையும் தவறு செய்ய விடுவதில்லை. கை தவறான பொத்தானை நோக்கிப் போக வேண்டும்.

ஆய்வகத்துக்கு வருகிறேன். முதல் நாள் வெங்காயச் செதிலின் உட்புறத் தோலை உரித்து, அயோடின் விட்டு, நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். நான் வரைந்த படம் வகுப்பிலேயே அழகானது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. செல்சுவர், உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகங்கள், அவற்றுக்குப் பச்சைப் பென்சில் வேறு. ஆய்வக உதவியாளர் மேசை மேசையாக வந்துகொண்டிருந்தார். என் படத்தைப் பார்த்தார், கண்ணாடி வில்லையைப் பார்த்தார். "ஏம்மா, வெங்காயம் வெள்ளையாகத்தானே இருக்கிறது? இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது?" என்றார்.

புத்தகத்திலிருந்து வந்தது. 'தாவர செல்' என்ற பொதுப் படத்தை முந்தைய இரவே உருப்போட்டிருந்தேன். மண்ணுக்கடியில் வெளிச்சம் படாமல் கிடக்கும் செதிலுக்குப் பசுங்கணிகம் எதற்கு? அயோடின் மட்டும் விட்ட வெங்காயத் தோலில் மைட்டோகாண்ட்ரியாவும் நம் சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. நான் கண்ணால் பார்க்கவே இல்லை, பார்த்ததாக வரைந்தேன். பக்கத்து மேசைத் தோழி இன்னும் ஒரு படி மேல். கறுப்புத் தடித்த விளிம்போடு கச்சிதமான வட்டங்களை வரைந்து 'செல்' என்று பெயரும் எழுதியிருந்தாள். அவை காற்றுக் குமிழிகள்.

குமிழி வராமலிருக்க வழி உண்டு: மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான மூடுவில்லையைத் தட்டையாகப் போடாமல், ஒரு விளிம்பு நீரைத் தொடும்படி சாய்த்து வைத்து, மறு விளிம்பை ஊசியால் தாங்கி மெதுவாக இறக்க வேண்டும். எப்போதும் குறைந்த பெருக்கத்தில் தொடங்க வேண்டும். 40 மடங்கு லென்ஸுக்குப் போன பிறகு பெரிய திருகைத் தொடவே கூடாது. தொட்டால் லென்ஸ் கண்ணாடியில் இடித்துவிடும், நான் ஒன்றை உடைத்தவள். வில்லையை வலப்பக்கம் நகர்த்தினால் பிம்பம் இடப்பக்கம் போகும், முதல் நாள் அது எல்லாரையும் படுத்தும். இவை கைப்பழக்கம், இரண்டு வாரத்தில் வந்துவிடும். பார்த்ததை மட்டும் வரைவது அப்படி வருவதில்லை. என் மாணவர்களிடம் நான் சொல்வது, பெயர் எழுதுவதற்கு முன் ஐந்து நிமிடம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா பாருங்கள் என்பதுதான். உட்கரு பல செல்களில் நடுவில் இல்லாமல் சுவரோரம் ஒதுங்கியிருப்பதை அப்போது யாராவது ஒருவர் கவனிப்பார். ஏன் என்று கேட்பார். நடுவே நீர் நிறைந்த பை போன்ற பெரிய நுண்குமிழ் (வாக்குவோல்) ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு 'ஏன்' வந்துவிட்டால் அன்றைய வகுப்பு முடிந்தது என்றே எடுத்துக்கொள்வேன்.

மரபியல் கணக்குகளைப் பற்றிச் சுருக்கமாக. அவற்றைப் படிக்கக் கூடாது, போட வேண்டும். மெண்டலின் பட்டாணியில் உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850; வகுத்தால் 2.96. பாடத்தில் 3:1 என்று இருப்பது இதைத்தான். நான்கில் ஒரு வாய்ப்பு என்றால் நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு நிச்சயம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. ஓங்கு பண்பு, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் பண்பு, என்றால் பரவலான பண்பு என்றும் அர்த்தமில்லை. ஆறாம் விரல் பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகவே வருகிறது. ஆனாலும் நம்மில் பெரும்பாலோருக்கு ஐந்துதான்.

என் பழைய விடைத்தாள்களில் இன்னொரு நோய் தெரிகிறது. எல்லா உயிரும் ஏதோ திட்டம் போட்டு நடப்பதாக எழுதியிருக்கிறேன். 'செடி வெளிச்சத்தை விரும்பி வளைகிறது.' 'பாக்டீரியா மருந்தைச் சமாளிக்கத் தன்னை மாற்றிக்கொள்கிறது.' பேச்சில் இது தவறில்லை. தேர்வில் இது காரணத்தை மறைத்துவிடும். நிழல் பக்கத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சேர்கிறது, அங்குள்ள செல்கள் அதிகம் நீள்கின்றன, அதனால் தண்டு மறுபக்கம் சாய்கிறது என்று எழுதினால்தான் விடை. பாக்டீரியா விஷயத்தில், மருந்தைத் தாங்கும் மாற்றம் மருந்து வருவதற்கு முன்பே சிலவற்றில் இருந்தது என்பதை ஜோஷுவா லெடர்பெர்க்கும் எஸ்தர் லெடர்பெர்க்கும் 1952-இல் வெல்வெட் துணியை வைத்தே காட்டினார்கள். ஒரு தட்டில் வளர்ந்த பாக்டீரியாக் கூட்டங்களை வெல்வெட்டில் ஒற்றி, அதே இட அமைப்போடு பிற தட்டுகளில் பதித்தார்கள். மருந்திட்ட தட்டுகளில் பிழைத்தவை ஒரே இடங்களில் இருந்தன. முதல் தட்டில் அந்த இடத்துக்கு நேரான கூட்டம் மருந்தையே கண்டதில்லை. விடையை எழுதி முடித்ததும் 'விரும்பி', 'வேண்டி', 'தேவைக்காக' என்ற சொற்களைத் தேடி அடித்துவிட்டுக் காரணத்தை எழுதுங்கள் என்பேன். எளிய வேலை, நல்ல பலன்.

புத்தகங்கள் முரண்பட்டால் பதற வேண்டாம். ஒரு குளுக்கோஸிலிருந்து 36 அல்லது 38 ஏ.டி.பி. (செல் செலவழிக்கும் சக்தி மூலக்கூறு) என்று பழைய புத்தகங்கள் சொல்லும். புதியவை 30 அல்லது 32 என்கின்றன. நானும் தோழியும் இதற்காக ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டோம். எலக்ட்ரான்கள் கடக்கும் வழியில் பம்ப் செய்யப்படும் புரோட்டான்கள் எல்லாமே ஏ.டி.பி. செய்யப் பயன்படுவதில்லை, சில கசிகின்றன, சில போக்குவரத்துக்குச் செலவாகின்றன. எண் ஏன் முழு எண்ணாக வர மறுக்கிறது என்று புரிந்தவருக்கு எந்தப் புத்தகம் கேட்டாலும் பதில் இருக்கும். தேர்வில் எதை எழுதுவது என்பதை மட்டும் ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்; அதில் கௌரவம் பார்க்க வேண்டாம்.

சென்ற பருவத்தின் கடைசி வாரத்தில் ஒரு மாணவி வகுப்பு முடிந்த பிறகு நின்றாள். முதல் நாள் அவளும் 'மண்' எழுதியவள்தான். "மிஸ், ஹெல்மான்ட் சொன்னது முழுத் தவறா? சர்க்கரையில் ஹைட்ரஜன் இருக்கிறதே, அது தண்ணீரிலிருந்துதானே வருகிறது?" என்றாள். பலகையில் கணக்குப் போட்டோம். 180 கிராம் குளுக்கோஸில் கார்பன் 72, ஆக்சிஜன் 96, ஹைட்ரஜன் 12. கார்பனும் ஆக்சிஜனும் கரியமில வாயு தந்தவை. தண்ணீரின் பங்கு 12 மட்டும், அதாவது 15-இல் ஒரு பங்கு.

"அப்படியானால் 15-இல் ஒரு பங்கு சரி," என்றேன்.

அவள் பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினாள். "அவர் எடை போட்டது உலர்ந்த மரத்தையா, பச்சை மரத்தையா?"

பச்சை மரத்தைத்தான். அதில் ஏறத்தாழ பாதி வெறும் தண்ணீர். பலகையில் இருந்ததை அழித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து போடத் தொடங்கினோம்.